எதிரணி பெஞ்ச் பக்கம் நின்று பார்த்த ஒரு சீசன்

மினசோட்டாவில் ஒரு சிறிய கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே வந்து பல வருடங்கள் ஆகியும் அமெரிக்கன் ஃபுட்பால் எனக்குப் பிடிபடவே இல்லை. டிவியில் போட்டால் ஐந்து விநாடி மோதுவார்கள், அப்புறம் அரை நிமிடம் சும்மா நிற்பார்கள், நடுவில் லாரி விளம்பரம் வரும். நான் சேனலை மாற்றிவிடுவேன்.

2022 ஆகஸ்டில் விளையாட்டுத் துறையிலிருந்து ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. செயின் க்ரூவில் இருந்த ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன், அவர் இடத்துக்கு ஆள் வேண்டும், உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டும் வந்தால் போதும், ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடைசி வரியைப் பார்த்துத்தான் பதில் போட்டேன். வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடுக்கறாங்க?" ஒரு மேல்சட்டையும் இடைவேளையில் சாப்பாடும் என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

செயின் க்ரூ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு உண்டு, ஒவ்வொன்றையும் ஒரு டவுன் என்பார்கள். அந்த நாலு வாய்ப்புக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடியும் புதிதாக நாலு வாய்ப்பு, இதைத்தான் முதல் டவுன் கிடைத்தது என்பார்கள். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஃபுட்பால் முழுக்க இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்த 10 யார்டை மைதானத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி காட்டுவதற்கு இரண்டு கம்புகளும், அவற்றை இணைக்கும் சரியாக 10 யார்டு நீளமுள்ள ஒரு சங்கிலியும் இருக்கின்றன. நம் கணக்கில் 9.144 மீட்டர். பின் கம்பை ஒருவர் பிடிப்பார், முன் கம்பை ஒருவர் பிடிப்பார். மூன்றாமவர் கையில் 1 முதல் 4 வரை எண் மாற்றிக் காட்டும் பெட்டி வைத்த கம்பு இருக்கும். இப்போது எத்தனையாவது வாய்ப்பு, பந்து எந்த இடத்தில் என்று அது சொல்லும். நான்காமவர் வேலை கிளிப்.

கிளிப்பைப் பற்றி எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு சின்ன இடுக்கி, அவ்வளவுதான். ஆனால் மொத்த ஏற்பாட்டிலும் புத்திசாலித்தனமான பொருள் அதுதான் என்பது என் முடிவு. மைதானத்தில் ஐந்து யார்டுக்கு ஒரு கோடு போட்டிருக்கும். சங்கிலியை விரித்து வைத்தால் எப்படியும் ஒரு கோடு அதற்குக் குறுக்கே வரும். அந்தக் கோட்டின் பின் விளிம்புக்கு நேராகச் சங்கிலியில் கிளிப்பை மாட்டிவிட வேண்டும். அதன் பிறகு கம்புகள் கீழே விழுந்தாலும், ஆள் மேல் ஆள் வந்து விழுந்தாலும், சங்கிலியை மைதானத்தின் நடுவே தூக்கிக்கொண்டு போனாலும் கவலை இல்லை. கிளிப்பை அதே கோட்டில் வைத்து இழுத்தால் பழைய இடம் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

எங்கள் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எண்பதை நெருங்குகிறவர். சோயா விவசாயி ஒருவர், தபால் துறையில் இருந்தவர் ஒருவர். புதிதாக வந்த எனக்கு முன் கம்பு. முதல் ஆட்டத்துக்கு முன்னால் பெரியவர் சொன்ன விதிகளை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். லைன்ஸ்மேன், அதாவது எல்லைக்கோட்டு நடுவர், சொல்லாமல் ஒரு அடிகூட நகராதே. முதல் டவுன் கிடைத்துவிட்டது என்று உன் கண்ணுக்குத் தெரிந்தாலும் நகராதே. விதிமீறலுக்கு நடுவர் எறியும் கொடி விழுந்திருந்தால் தண்டனை கழித்து எல்லாம் மாறும். யாருக்காகவும் கை தட்டாதே. ஆட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுக்காதே, அவர்கள் கேட்டால் மட்டும் டவுன் எண்ணைச் சொல். உன்னை நோக்கி ஆள் வந்தால் கம்பைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டு நீயும் பின்னால் போய்விடு. கம்பைக் காப்பாற்றப் பார்க்காதே, கிளிப் இருக்கிறது.

கடைசி விதி எவ்வளவு முக்கியம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். விதிப்படி நாங்கள் நிற்பது எல்லைக்கோட்டிலிருந்து சுமார் ஆறு அடி தள்ளி. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பையன் முழு வேகத்தில் ஓடிவந்து கோட்டைத் தாண்டினால் ஆறு அடி ஒன்றுமே இல்லை. பந்து ஆகாயத்தில் பறக்கும்போது எல்லோர் கண்ணும் அதன் பின்னால் போகும், அது இயற்கை. கம்பு பிடிப்பவர் அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது தன் பக்கம் ஓடிவரும் கால்களை. இந்தப் பழக்கம் வர எனக்கு முதல் ஆட்டம் முழுவதும் ஆனது. அதன் பலன், நீண்ட பாஸ்கள் பலவற்றை நான் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. செயின் க்ரூ நிற்பது பிரஸ் பாக்ஸுக்கு, அதாவது செய்தியாளர் அறைக்கு, எதிர்ப்பக்கம். எங்கள் மைதானத்தில் அந்தப் பக்கம்தான் வெளியூர் அணியின் பெஞ்ச். ஆக, எங்கள் கல்லூரி அணியின் சீசனை நான் முழுக்க முழுக்க எதிரணிக்காரர்கள் நடுவில் நின்று பார்த்தேன். எங்கள் பையன்களின் முதுகு எண்ணைத் தூரத்தில் பார்ப்பேன். எதிரணிப் பையன்களின் மூச்சு என் கழுத்தில் படும்.

அங்கே கேட்ட பேச்சுதான் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஒரு பிடிப்பை உண்டாக்கியது. எங்கள் கான்ஃபரன்ஸ், அதாவது எங்களோடு ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு, மூன்றாம் பிரிவு, டிவிஷன் த்ரீ என்பார்கள். இதில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது. டிவியில் வரும் பெரிய பல்கலைக்கழகங்களில் கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது. இங்கே பையன்கள் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டு உதை வாங்குகிறார்கள். செப்டம்பர் வெயிலில் செயற்கைப் புல் தகிக்கும்போது, மூச்சிரைக்க வெளியே வந்த ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் திங்கட்கிழமை ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தேர்வில் எந்தப் பாடம் வரை என்று கேட்டான். பதில் வருவதற்குள் அவனை மறுபடி உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அணிக்கு நூறு பேர் வரைகூட இருப்பார்கள். அதில் பாதிப் பேர் சனிக்கிழமை ஆட்டத்தில் கால் வைக்கவே மாட்டார்கள். அவர்களுக்கென்று ஜூனியர் ஆட்டம் ஞாயிறோ திங்களோ நடக்கும், கூட்டம் என்று பார்த்தால் பெற்றோர் சிலர். அதற்கும் எங்களைக் கூப்பிட்டார்கள், போனோம். ஆட்டம் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் நான் ஜூனியர் ஆட்டத்தைத்தான் சொல்வேன். சத்தம் இல்லாததால் பயிற்சியாளர் ஒவ்வொரு தவற்றையும் உரக்க விளக்குவது நமக்கும் கேட்கும்.

கான்ஃபரன்ஸின் பெயர் மினசோட்டா இன்டர்காலேஜியேட் அத்லெடிக் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக மையாக். 1920இல் தொடங்கியது. 2022இல் ஃபுட்பாலுக்குப் பத்து அணிகள். ஐந்தைந்தாகப் பிரித்து நார்த்வுட்ஸ், ஸ்கைலைன் என்று இரண்டு பிரிவு வைத்திருந்தார்கள். எல்லாமே மினசோட்டாவுக்குள், கிழக்கே டுலூத், மேற்கே மூர்ஹெட். சீசன் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பர் நடுவில் முடிந்துவிடும், மொத்தம் பத்து ஆட்டம். எங்கள் அணி அந்த வருடம் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு அளவெடுப்பைச் சொல்லியாக வேண்டும். அக்டோபரில் ஒரு ஆட்டம், நாலாவது கால்பகுதி, நாங்கள் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். நாலாவது வாய்ப்பில் எங்கள் பையன் ஒருவன் பந்தோடு கூட்டத்துக்குள் புகுந்து விழுந்தான். மேலிருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பிப் பார்த்தால், பந்து முன் கம்புக்கு நேராகவா, கொஞ்சம் பின்னாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நடுவர் சங்கிலியைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். லைன்ஸ்மேன் கிளிப்பை விரல்களில் பற்றிக்கொண்டார், நாங்கள் கம்புகளோடு உள்ளே ஓடினோம். கிளிப்பைக் கோட்டின் விளிம்பில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு அவர் தலையசைத்த பிறகுதான் சங்கிலியை இழுக்க வேண்டும். முன்னதாக இழுத்தால் கிளிப் வழுக்கிவிடும், எல்லாம் போச்சு. நடுவர் என் கையிலிருந்த கம்பை வாங்கி, சங்கிலி விறைக்கும் வரை இழுத்து, பந்தின் மூக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு கட்டைவிரல் அகலம் குறைந்தது. பந்து எதிரணிக்கு. ஆட்டமும் அவர்களுக்கு.

மைதானத்தின் நடுவே, இரு அணிகளும் சூழ்ந்து நிற்க, என் சொந்தக் கல்லூரி தோற்றதைச் சொன்ன கம்பை நானே திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பதும் விதிதான். திரும்பி நடக்கும்போது பெரியவர் சொன்னார்: "அறுபது நிமிஷம் ஆடினதுல இது ஒரு இன்ச். மத்த இன்ச்செல்லாம் எங்க போச்சுன்னு திங்கட்கிழமை அவங்க வீடியோல பாப்பாங்க."

கால்பகுதி மாறும்போது என்ன நடக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முதல் கால்பகுதியும் மூன்றாவதும் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். பந்து இந்தப் பாதியில் எந்தக் கோட்டில் இருந்ததோ, அந்தப் பாதியில் அதே கோட்டுக்குப் போகும். சங்கிலியும் தலைகீழாகத் திரும்ப வேண்டும். கிளிப் எந்தக் கோட்டில், எத்தனையாவது டவுன், இன்னும் எவ்வளவு தூரம் என்று மூன்றையும் லைன்ஸ்மேன் குறித்துக்கொள்வார். எங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மனதிலும் வைத்துக்கொள்வோம், அப்புறம் ஓட்டம். போய் நின்றதும் ஒருவர் சொல்வதை மற்றவர் சரிபார்ப்பார். நான் கையில் ஒரு பேனா வைத்திருந்து உள்ளங்கையில் எழுதிக்கொள்வேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். குளிர் வந்த பிறகு கையுறை மேல் வெள்ளை டேப் ஒட்டி அதில் எழுதலாம்.

சங்கிலி என்றதும் நார்த்ஃபீல்ட் கதை நினைவுக்கு வருகிறது. நார்த்ஃபீல்ட் சின்ன ஊர், ஆனால் கார்ல்டன், செயின்ட் ஓலாஃப் என்று மையாக்கில் இருக்கும் இரண்டு கல்லூரிகள் அதே ஊரில். இரண்டும் மோதும் ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு மர ஆடு ஒன்றுதான் கோப்பை. ஊர் நடுச் சதுக்கத்தில் உள்நாட்டுப் போர் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு கழுகு இருக்கிறது. அதை ஜெயித்த கல்லூரியின் பக்கம் திருப்பி வைப்பது வழக்கம். 1977இல் அமெரிக்கா மெட்ரிக் அளவுக்கு மாறப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, கார்ல்டனில் வேதியியல் பேராசிரியர் ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வருடம் இந்த இரண்டு கல்லூரிகளும் மீட்டரில் ஆடின. மைதானம் 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், முதல் டவுனுக்கு 10 மீட்டர், அதாவது வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட ஒரு யார்டு கூடுதல். கார்ல்டன்காரர்களின் யோசனை, செயின்ட் ஓலாஃப் 43-0 என்று ஜெயித்தது. நாடு மீட்டருக்கு மாறவில்லை. பத்து மீட்டர் சங்கிலி இப்போது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ என்று தபால்காரர் ஒவ்வொரு சீசனிலும் ஒருமுறையாவது கேட்பாராம்.

வெளியூர் ஆட்டங்களுக்கு எங்களுக்கு வேலை இல்லை. அப்படி ஒரு வாரம் குடும்பத்தோடு காலேஜ்வில் போனோம். செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம், பெனடிக்டைன் துறவிகளின் மடத்தோடு சேர்ந்தது. மைதானம் இயற்கையான பள்ளத்தில், சுற்றிலும் மரங்கள். மூன்றாம் பிரிவில் இவ்வளவு கூட்டம் வரும் இடங்கள் நாடு முழுக்கச் சொற்பம். இங்கே ஜான் கலியார்டி என்று ஒரு பயிற்சியாளர் 1953 முதல் 2012 வரை இருந்தார். பயிற்சியாளர் வாழ்க்கை முழுவதும் சேர்த்து 489 வெற்றி, கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிகம். அவர் பயிற்சியில் விசில் கிடையாது, ஒருவரை ஒருவர் மோதித் தள்ளுவது கிடையாது. தன்னை யாரும் 'கோச்' என்று கூப்பிடக் கூடாது, 'ஜான்' போதும் என்பார். பயிற்சியில் அடிபடாத பையன் சனிக்கிழமை முழு உடம்போடு வருவான் என்பதுதான் கணக்கு. பெஞ்ச் பக்கம் நின்று கட்டுப் போட்ட கணுக்கால்களையும் தோள்களையும் வாரம் தவறாமல் பார்த்த எனக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது. மோதல் இல்லாமல் மோதலுக்குத் தயாராக முடியுமா என்று விவசாயி இன்னும் சந்தேகப்படுகிறார். 489ஐ வைத்துக்கொண்டு என்ன வாதம் செய்வது என்று நான் விட்டுவிட்டேன்.

இடைவேளையில் எங்கள் குழுவில் சூடாக ஓடிய பேச்சு வேறொன்று. செயின்ட் தாமஸ் என்ற பல்கலைக்கழகத்தின் விவகாரம். அது 1920இல் கான்ஃபரன்ஸைத் தொடங்கியவற்றில் ஒன்று. காலப்போக்கில் அங்கே இளங்கலை மாணவர் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் ஆகிவிட்டார்கள்; மற்ற கல்லூரிகள் பலவற்றில் அதில் பாதிகூட இல்லை. 2017இல் செயின்ட் ஓலாஃபை 97-0 என்று தோற்கடித்தார்கள். அதே வருடம் அவர்களும் செயின்ட் ஜான்ஸும் மினியாபொலிஸ் பேஸ்பால் மைதானத்தில் ஆடியதைப் பார்க்க 37,355 பேர் வந்தார்கள். மூன்றாம் பிரிவில் அதுவரை இல்லாத கூட்டம். 2019 மே மாதம், போட்டிச் சமநிலை இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, கான்ஃபரன்ஸ் அவர்களை வெளியேற்றுவதாக அறிவித்தது. 2021இல் அவர்கள் நேராக முதல் பிரிவுக்கே போய்விட்டார்கள்.

பெரியவருக்கு இதில் ஆறாத கோபம். நன்றாக ஆடுகிறவனை வெளியே அனுப்பிவிட்டு நாம் என்ன கற்றுக்கொள்வது என்பார். விவசாயிக்கு நேர் எதிர்க் கருத்து: இருபது ஏக்கர்காரனும் இரண்டாயிரம் ஏக்கர்காரனும் ஒரே சந்தையில் எத்தனை வருடம் நிற்க முடியும்? நான் விவசாயி பக்கம். 97 என்ற எண்ணைக் காரணமாகக் காட்டுவது சுலபம், ஒரு மோசமான மதியம் யாருக்கும் வரலாம். ஆனால் பெஞ்சில் அறுபதாவது ஆளாக நிற்கும் பையனுக்கும் ஒரு நாள் ஆட வாய்ப்பு வரும் என்பதால்தான் இந்தச் சின்னக் கல்லூரிகள் ஃபுட்பால் வைத்திருக்கின்றன. அளவு அவ்வளவு விலகிப்போன பிறகு பழைய உறவுக்காக மட்டும் சேர்ந்திருப்பதில் இரண்டு பக்கமும் பயன் இல்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: அந்தக் கூட்டமும் அவர்களோடு போய்விட்டது.

சரி, நவம்பர். மினசோட்டா நவம்பரில் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது தனி வித்தை. ஓடுகிறவனுக்குக் குளிர் தெரியாது, ஆறு அடி தள்ளி நிற்கிறவனுக்குத்தான் தெரியும். பருத்தி உள்ளாடை வேண்டவே வேண்டாம், வியர்த்து ஈரமானால் விறைத்துவிடும்; கம்பளி அல்லது செயற்கை இழை. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி போதும். இரண்டு ஜோடி போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். டைம் அவுட் நேரங்களில் காலுக்கடியில் அட்டைப் பெட்டித் துண்டு ஒன்றைப் போட்டு அதன் மேல் நிற்க வேண்டும். தரையின் குளிர் அப்படியே பாதியாகும், இது தபால்காரர் சொல்லிக் கொடுத்தது. கம்பு பிடிக்கும் கைக்குப் பெரிய மிட்டன், உள்ளே சூடு தரும் பொட்டலம். கிளிப்காரருக்கு மட்டும் விரல் வெளியே தெரிந்தாக வேண்டும், பாவம்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இடைவேளையில் தருவது பிராட்வர்ஸ்ட் என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. சைவக்காரனுக்கு மிஞ்சியது உப்பு ப்ரெட்ஸல். இரண்டாவது ஆட்டத்திலிருந்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டுபோனேன். நவம்பரில் ஆளுக்கு ஒரு கப் ஊற்றினேன். விவசாயிக்குக் கண்ணில் நீர் வந்தது, ஆனால் இரண்டாவது கப் கேட்டார்.

சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டத்தை சீனியர் டே என்பார்கள். இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வொருவராகப் பெற்றோரோடு மைதானத்துக்குள் நடந்து வருவார்கள், ஒலிபெருக்கியில் பெயர், ஊர், என்ன படிக்கிறான் என்று சொல்வார்கள். இவர்களில் எவருமே தொழில்முறை ஆட்டக்காரராகப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நர்சிங், கணக்கியல், பள்ளி ஆசிரியர் பயிற்சி என்று வரிசையாக வந்தது. என் கணினி உதவி மேசையில் பகுதிநேரமாக வேலை பார்த்த பையன் ஒருவனும் இருந்தான். நாலு வருடம் அணியில் இருந்தவன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அன்றைக்கும் தோற்றோம், நல்ல வித்தியாசத்தில்.

மூட்டு ஆபரேஷன்காரர் திரும்பி வரவில்லை. இப்போது பெட்டி என் கையில், முன் கம்புக்கு நூலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார். அமெரிக்காவில் ஏதாவது சிறிய கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால், ஜூலை கடைசியில் விளையாட்டுத் துறை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள். செயின் க்ரூ இல்லாவிட்டாலும் கடிகாரம், ஸ்கோர் போர்டு, புள்ளிவிவரம் குறிப்பது என்று எதற்காவது ஆள் தேவைப்படும். கறுப்பு பேன்ட் உங்களுடையது, மேல்சட்டை அவர்கள் தருவார்கள். குளிர் ஜாக்கெட் மேல் போட வேண்டியிருக்கும், அதனால் அளவு கேட்டால் ஒரு சைஸ் கூட்டியே சொல்லுங்கள்.